யூத வழிபாட்டுப் பாடல்களில் வெளியார் மெட்டு: எல்லை எது?

மேளகர்த்தா

அலெப்போ யூதர்களின் பாடல்களைக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். சிரியாவின் அலெப்போ. அங்கிருந்து ஜெருசலேமுக்கும் நியூயார்க்கின் புரூக்ளினுக்கும் போனவர்கள் இன்றும் விடாமல் பாடுகிறார்கள். வார்த்தை முழுக்க எபிரேயம், இறைவனைத் துதிக்கும் வார்த்தை. மெட்டு அரபு மெட்டு. அதுவும் எல்லாம் பழைய பக்தி மெட்டுகள் அல்ல. காபிக்கடையிலும் கல்யாண வீட்டிலும், பிற்பாடு ரேடியோவிலும் ஒலித்த காதல் பாட்டு மெட்டுகள். உம் குல்தூம், முகமது அப்துல் வஹாப் பாடிப் புகழ்பெற்றவைகூட ஜெப ஆலயத்துக்குள் போயிருக்கின்றன.

இந்த வகைப் பாட்டுக்குப் பிஸ்மோன் என்று பெயர். 1919இல் மறைந்த ரபேல் அந்தேபி தபூஷ் இதில் பெரிய ஆள். பார்வை இல்லாதவர். அரபுப் பாடகர்கள் பாடும் இடத்தில் போய் உட்கார்ந்து, மெட்டைக் காதிலேயே வாங்கிக்கொண்டு வந்து, அதற்கு எபிரேயத்தில் புதுப் பாட்டுக் கட்டிவிடுவார் என்று சொல்கிறார்கள்.

இதே அலெப்போ ஆட்கள்தான் இன்னொரு காரியமும் செய்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, திபேரியாவின் ஆரோன் பென் ஆஷேர் உயிர்க்குறிகளும் ஓதும் குறிகளும் இட்டுச் சரிபார்த்த எபிரேய வேதப் பிரதி ஒன்று உண்டு. அதைவிடத் துல்லியமான பிரதி இல்லை என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. அது ஏறத்தாழ 600 ஆண்டு அலெப்போ ஜெப ஆலயத்தில் பூட்டிக் காக்கப்பட்டது. 1947 கலவரத்தில் ஜெப ஆலயம் எரிக்கப்பட்டபோது சிக்கிக்கொண்டது. மிஞ்சிய ஏடுகள் 1958இல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தன. ஓர் எழுத்து, ஒரு புள்ளி மாறக்கூடாது என்று உயிரைக் கொடுத்துக் காத்த சமூகம், மெட்டு விஷயத்தில் எப்படி இவ்வளவு தாராளமாக இருந்தது?

எழுத்தை இறுக்கிக் கட்டிவைத்ததால்தான் மெட்டைத் துணிந்து திறந்துவிட முடிந்தது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பாளை ஆர்கன்

நல்ல இழை ஐயா. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல வருடமாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன். மெட்டு வெறும் பாத்திரம் கிடையாது. காதலியின் கண்ணைப் பாடிய மெட்டை எடுத்து அதில் இறைவன் பெயரை வைத்தால், அந்தப் பழைய பாட்டைத் தெரிந்தவனுக்கு ஜெப நேரத்தில் எது மனதில் ஓடும்? காபிக்கடையிலும் ரேடியோவிலும் ஒலித்த பாட்டுகள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எல்லோருக்கும் அந்த ஞாபகம் வரும் இல்லையா? யூத குருமார் இதை எதிர்க்கவே இல்லையா?

சுவடிப்பிரியை

எதிர்த்தார்கள், பலமாகவே. இந்தச் சண்டைக்கு நானூறு வயதுக்கு மேல்.

இஸ்ரேல் நஜாரா என்ற கவிஞர் 1587இல் சஃபேத் நகரில் ஒரு பாடல் தொகுப்பை அச்சிட்டார். பாட்டுக்கு மேலே எந்தத் துருக்கி, அரபு, ஸ்பானியப் பாட்டின் மெட்டு என்று வெளிப்படையாகக் குறித்திருந்தார். 'யா ரிபோன்' என்ற அரமேயப் பாட்டு அவருடையதுதான். இன்றைக்கு உலகில் எந்த மூலையில் யூதக் குடும்பம் வாராந்திர ஓய்வுநாள் உணவுக்கு உட்கார்ந்தாலும் அதைப் பாடக் கேட்கலாம்.

அப்போதே மெனாஹெம் டி லொன்ஸானோ என்ற அறிஞர் ஆட்சேபித்தார். பாளை ஆர்கன் அண்ணன் கவனிக்க வேண்டிய இடம் இது: மெட்டைக் கடன் வாங்கியதற்காக அவர் கோபப்படவில்லை. துருக்கி மெட்டுகளில் நொறுங்கிய, பணிந்த மனம் இருக்கிறது, அதனால் எடுத்துக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் கண்டித்தது ஒலியைக் கடன் வாங்குவதை. ஸ்பானியப் பாட்டு 'செஞோரா' என்று தொடங்கினால், எபிரேயப் பாட்டை அதே ஒலியில் 'ஷேம் நோரா' (அஞ்சத்தக்க திருநாமம்) என்று தொடங்குவது. கேட்கிறவனுக்கு அந்தச் சீமாட்டிதான் முதலில் நினைவுக்கு வருவாள் என்பது அவர் வாதம். நீங்கள் எழுப்பிய கேள்வி அப்படியே அங்கே இருக்கிறது. ஆனால் அவர் எல்லையை மெட்டில் வைக்கவில்லை, சொல்லில் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், பாக்தாதில் பிறந்து இஸ்ரேலில் செபார்டிகளின் (ஸ்பெயின், கிழக்கு நாட்டு மரபு யூதர்களின்) தலைமை ரபியாக, அதாவது தலைமை மதகுருவாக இருந்த ஓவாதியா யோசெஃப் அரபு மெட்டுகளை வழிபாட்டில் பாடலாம் என்று தீர்ப்பே எழுதினார். அவருக்கு அரபு இசை மேல் தனிப் பிரியம். அந்த வாதத்தில் ஒரு பழைய சாட்சியத்துக்கும் இடம் உண்டு. ஸ்மிர்னா, அதாவது இன்றைய இஸ்மிர் நகரத்து யூதப் பாடகர்கள் பண்டிகை நாட்களில் கிறிஸ்தவ தேவாலயத்துக்குப் போய், தடுப்புக்குப் பின்னால் நின்று, மனதை உருக்கும் மெட்டுகளைக் கேட்டுப் பாடம் செய்துகொண்டு வருவார்களாம். யூதப் புத்தாண்டுக்கும், பட்டினி கிடந்து மன்னிப்புக் கேட்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் பாடுவதற்காக. 19ஆம் நூற்றாண்டு ரபி இஸ்ரேல் மோஷே ஹஸான் இதை எழுதிவைத்திருக்கிறார்.

வைகைக்கரை

தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டார்கள் என்பதைப் படித்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டேன். எவ்வளவு தாகம் இருந்திருக்க வேண்டும்!

ஒரு சந்தேகம். இவர்கள் வாத்தியமே வைத்துக்கொள்வதில்லையா? வேதத்தில் துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகத்தில் வீணை, சுரமண்டலம், கைத்தாளம் என்று அவ்வளவு வருகிறதே.

பாளை ஆர்கன்

தம்பி, அதெல்லாம் பழைய எருசலேம் ஆலயத்தில், ஆலயப் பணிக்கான குலத்தாராகிய லேவியர் வாசித்தவை. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு துக்கத்தின் அடையாளமாக வாத்தியம் நின்றது. ஓய்வுநாளில் வாசிக்கக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: நரம்பு அறுந்தால் கை தன்னாலே சரிசெய்யப் போகும், அது அன்று விலக்கப்பட்ட வேலை. மிஞ்சியது எக்காளம். ஆட்டுக்கடாக் கொம்பு. புத்தாண்டில் ஊதுவார்கள், அந்த நாளே ஓய்வுநாளாக அமைந்தால் அதுவும் இல்லை.

என் வாத்தியம் அங்கே பட்ட பாடு பெரிய கதை. 1810இல் ஜெர்மனியின் ஸேஸன் ஊரில் இஸ்ரேல் யாகோப்சன் சீர்திருத்த ஆலயம் கட்டி ஆர்கனை வைத்தார். 1818இல் ஹாம்பர்க்கிலும் வந்தது. ரபிகள் கண்டனம் எழுதிப் புத்தகமாகவே போட்டார்கள். ஆர்கன் கிறிஸ்தவ வழிபாட்டின் அடையாளம் என்பது ஒரு காரணம். ஆர்கன்காரனாகிய எனக்கே அவர்கள் பக்கம் நியாயம் படுகிறது. நான் கேட்பதும் அதுதான்: ஒரு சத்தம் ஒரு மதத்தோடு, ஓர் இடத்தோடு ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்தெடுக்க முடியுமா?

வியன்னாவில் வேறு வழியைத் தேடினார்கள். 1826இல் திறந்த நகர ஜெப ஆலயத்தில் சாலமோன் சுல்சர் ஓதுவாராக இருந்தார். அபாரமான குரல். அங்கே வாத்தியம் இல்லை, நாலு குரல் பாடகர் குழு மட்டும். ஷூபர்ட் அவருக்காக 1828இல் 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசையமைத்துக் கொடுத்தார். ஓய்வுநாள் சங்கீதம். ஷூபர்ட் கத்தோலிக்கர். அந்த இசையை நான் பல முறை கேட்டிருக்கிறேன். பழைய எபிரேய ஓதலின் சாயலும் அதில் இருக்கிறது, வியன்னாவும் இருக்கிறது. இதை நான் ஏற்கிறேன். ஏனென்றால் இது அந்த ஆலயத்துக்கென்றே பிறந்த மெட்டு. இன்னொரு இடத்தில் வாழ்ந்துவிட்டு வந்ததல்ல.

மேளகர்த்தா

பாளை ஆர்கன் ஐயா, 'ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியுமா' என்ற கேள்விக்கு அலெப்போக்காரர்கள் தரும் விடை மக்காம் முறையில், அதாவது நம் ராகம் போன்ற அரபுச் சுர முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாரம் ஒரு பகுதியாக ஓதி ஓராண்டில் முடிப்பார்கள். ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் ஒரு மக்காம் விதித்திருக்கிறார்கள். ஓதுவார் அந்த ஓய்வுநாள் காலை ஜெபத்தின் முக்கியப் பகுதிகளை அந்த மக்காமில்தான் பாட வேண்டும். புதிய ஆகமம் தொடங்கும் வாரம் ராஸ்த். விருத்தசேதனம் பற்றிய பகுதி வந்தால் சபா. சாவு, துக்கம் வந்தால் ஹிஜாஸ். கல்யாணம், மகிழ்ச்சி என்றால் அஜம். எந்த வாரத்துக்கு எது என்ற பட்டியல் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓதுவார் வாயைத் திறந்ததும், அன்றைக்கு வேதத்தில் என்ன கதை வரப்போகிறது என்பதைச் சுரத்தைக் கேட்டே சபை தெரிந்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் வெளி மெட்டு நுழைகிறது. கெய்ரோவில் பிரபலமான பாட்டு என்பதற்காக மட்டும் அதை உள்ளே விடுவதில்லை. அது எந்த மக்காம், எந்த வாரத்துக்குப் பொருந்தும், ஜெபத்தின் எந்த வரியில் உட்காரும் என்று பார்த்து அமர்த்துகிறார்கள். அதற்கு எழுதும் எபிரேயப் பாட்டு பல நேரம் ஒரு குடும்பத்தின் திருமணத்துக்கோ பிள்ளைப் பிறப்புக்கோ எழுதியதாக இருக்கும். அந்தக் குடும்பத்துப் பெயர்கள் வரிகளுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு தலைமுறை கழித்துக் கேட்பவனுக்கு அது தாத்தா கல்யாணத்துப் பாட்டு. காதலியின் கண் அவன் நினைவில் இல்லை.

ஆனால் ஒன்று. தோரா ஓதலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே எப்போதும் சிகா மக்காம், பழைய குறிகள், பழைய முறை. நான் முதலில் சொன்னது இதைத்தான்.

சுவடிப்பிரியை

அந்தக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். ஜெப ஆலயத்தில் ஓதும் தோராச் சுருளில் உயிர்க்குறியும் இருக்காது, இசைக்குறியும் இருக்காது. வெறும் மெய்யெழுத்து. ஓதுபவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்க வேண்டும். பிசகினால் பக்கத்தில் நிற்பவர் உடனே திருத்துவார். குறியிட்ட பிரதிகள் படிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும்தான்.

குறி எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் யேமன்காரர் ஓதினால் ஒரு மெட்டு, போலந்துக்காரர் ஓதினால் வேறு மெட்டு, பாக்தாத்காரர் ஓதினால் இன்னொன்று. எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதை எதோடு சேர்த்து ஓத வேண்டும் என்பது மாறாது. சுரம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே மிகக் கட்டுப்பாடான இடத்தில்கூட மெட்டு முழுக்க மூடிய கதவாக இல்லை.

லாத்வியாவில் பிறந்த ஆபிரகாம் ஸ்வி இடெல்சோன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெருசலேம் போனபோது இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே ஊரில் அவருக்குக் கிடைத்தன. யேமன், பாரசீகம், பாக்தாத், மொராக்கோ, சிரியா என்று ஒவ்வொரு சமூகத்துப் பாடகரையும் போனோகிராபின் முன்னால் உட்காரவைத்துப் பதிவு செய்தார். 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக அச்சிட்டார். அந்தப் பாடகர்களின் ஊர்களில் பலவற்றில் இன்று யூதரே இல்லை. அந்த மனிதர் தனியாக அலைந்து செய்த வேலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சுவரோவியன்

இசை தெரியாதவன் நான், ஓவியப் பக்கத்திலிருந்து வருகிறேன். 'யூதர் உருவம் வரைய மாட்டார்கள்' என்று பலரும் சொல்கிறார்கள். மேளகர்த்தா சொல்வது அங்கேயும் நடந்திருக்கிறது.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்பஸ். கி.பி. 244-45இல் புதுப்பித்த ஜெப ஆலயத்தின் சுவர் முழுக்க வேதக் கதைகள். மோசேயைக் குழந்தையாக நதியிலிருந்து எடுப்பது முதல் எசேக்கியேல் கண்ட எலும்புப் பள்ளத்தாக்கு வரை. ஆட்கள் பலர் பாரசீக உடையில் இருக்கிறார்கள். பாரசீகப் படை வந்தபோது மதிலைப் பலப்படுத்த அந்தக் கட்டடத்தை மண்ணால் நிரப்பினார்கள். அதனால் நிறம் மங்காமல் 1932இல் வெளியே வந்தது. இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில்.

அப்புறம் வட இஸ்ரேலில் பெத் அல்பா. 6ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரை. நடுவில் பன்னிரண்டு ராசிகளின் வட்டம், வட்டத்தின் மையத்தில் நாலு குதிரை பூட்டிய தேரில் சூரியன்! கிரேக்க ஹீலியோஸ் கோலம். வாசல் பக்கம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி. மேலே மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் நீள்கிறது. அதுதான் இறைவன். கைக்கு மேல் எதையும் வரையவில்லை. மரியானோஸ், அவர் மகன் ஹனீனா என்று செய்தவர்கள் பெயரும் தரையிலேயே கிரேக்கத்தில் இருக்கிறது.

அவர்கள் ஊரில் புழங்கிய பாணி எதுவோ அதையே எடுத்திருக்கிறார்கள். எல்லை அந்த மேகத்தில் இருக்கிறது.

பாளை ஆர்கன்

மேகத்தில் எல்லை என்பது அழகான வாதம், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கண்ணால் பார்ப்பது தூரத்தில் நிற்கும். பாட்டு நம் வாயிலிருந்தே வருகிறது. பாடுகிறவன் உடம்பையே மெட்டுக்குக் கொடுக்கிறான்.

ஆட்டிடையன்

ஹசிதிம் கதை இன்னும் வரவில்லையே! கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த யூதப் பக்தி இயக்கத்தார் அவர்கள்.

ஹங்கேரியில் காலோ என்ற ஊரில் ரபி இட்சாக் ஐசக் தௌப். 1821இல் மறைந்தவர். ஒரு நாள் வயல்வெளியில் ஆட்டிடையன் ஒருவன் பாடுவதைக் கேட்டார். சேவல் கூவுகிறது, விடியப் போகிறது என்று போகும் காதல் பாட்டு. காசு கொடுத்து அந்தப் பாட்டை விலைக்கு வாங்கினாராம். வாங்கிய கணத்தில் இடையனுக்குப் பாட்டு மறந்தே போய்விட்டது, ரபிக்கு வந்துவிட்டது என்று கதை. உலகப் பொருள்களுக்குள் சிறைப்பட்டிருக்கும் புனிதப் பொறிகளை மீட்பது மனிதன் வேலை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மெட்டு எருசலேம் ஆலயத்தில் லேவியர் பாடியது, வழி தவறி அந்நிய நாட்டில் அலைந்துகொண்டிருந்தது என்று ரபி சொன்னதாகச் சொல்வார்கள். பாட்டை இன்றும் ஹங்கேரிய மொழியிலேயே பாடுகிறார்கள். காதலர் எப்போது சேர்வார்கள் என்ற கேள்விக்கு விடை மட்டும் எபிரேயத்தில் வருகிறது: ஆலயம் மீண்டும் கட்டப்படும்போது, சீயோன் நகரம் நிறையும்போது.

ஆர்கன் ஐயா, இங்கே காதல் நினைவு தடையாக இல்லை. அந்த ஏக்கம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மட்டாஞ்சேரி வாசி

வேலை நிமித்தமாகக் கொச்சியில் இருக்கிறேன். யாரும் கேரளத்தைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இங்கே யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். வேதக் கதைகள், கல்யாணப் பாட்டுகள், ஜெப ஆலயம் கட்டிய கதைகள், கிளியைப் பற்றிய பாட்டு. வாய்மொழியாகவும், கையெழுத்து நோட்டுப் புத்தகங்களிலும் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போனது. சில பாட்டுகள் க்னானாயக் கிறிஸ்தவரின் பழம்பாட்டுகளோடு ஒத்துப்போகின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பிரிக்கவே முடியாத அளவுக்குப் பக்கத்துப் பக்கத்து வாழ்க்கை. பெண் குரலை ஆண்கள் கேட்கக்கூடாது என்று பல யூதச் சமூகங்களில் தடை உண்டு. இங்கே அந்தத் தடை இல்லை. எபிரேயப் பாடல்களையும் பெண்கள் சத்தமாகச் சேர்ந்து பாடினார்கள்.

கட்டடத்தையும் சொல்ல வேண்டும். கேரள ஜெப ஆலயங்களில் தோரா ஓதும் மேடை இரண்டு. ஒன்று கூடத்தின் நடுவில். இன்னொன்று மாடியில், பெண்கள் பகுதியை ஒட்டி. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மேலே ஓதுவார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சங்கதி. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கொடுத்த உரிமைகளில் பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), அந்தோளம் (பல்லக்கு), குடையோடு வடுகப்பறையும் காகளமும் வருகின்றன. பறையும் எக்காளமும் ஒலிக்க ஊர்வலம் போகும் உரிமையை அரசனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஆனால் பாட்டு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதே பரதேசி ஆலயத்தில், அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சத்தாரைப் பல காலம் பெஞ்சில் உட்காரவும் தோரா ஓதவும் விடவில்லை. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்து அதை உடைத்தார். வெளியார் மெட்டை அனுமதிப்பதா என்று நாம் பேசுகிறோம். உள்ளேயே இருந்தவர் குரலுக்கு அனுமதி கிடைக்க இவ்வளவு போராட்டம். இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வைகைக்கரை

வடுகப்பறை, காகளம்! நன்றி. இந்தப் பெண்கள் பாட்டை இப்போது யாராவது பாடுகிறார்களா?

மட்டாஞ்சேரி வாசி

1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். நெவாத்திம், மெசிலாத் சியோன், தாஓஸ் போன்ற விவசாயக் குடியிருப்புகள் அவர்களுடையவை. அங்கே வயதான பெண்கள் சிலர் மறுபடி கூடிப் பாட ஆரம்பித்தார்கள். ரூபி டேனியல் என்ற கொச்சி யூதப் பெண்மணி பல பாடல்களை மொழிபெயர்த்து வைத்தார். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபீரா கம்லியேலும் 2005இல் எபிரேய மொழிபெயர்ப்போடு ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவும் கிடைக்கிறது. மற்ற சமூகங்களின் பாடல்களுக்கு இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் போய்ப் பாருங்கள். ஒரே பாட்டுக்குப் பத்து ஊர் மெட்டு கேட்கலாம்.

மேளகர்த்தா

அதோடு, ஜெருசலேமில் நஹ்லாவோத் பகுதியில் 1901இல் அலெப்போக்காரர்கள் கட்டிய அதேஸ் ஜெப ஆலயத்தையும் தேடிப் பாருங்கள். குளிர்காலத்து ஓய்வுநாள்களில் விடியற்காலை மூன்று மணிக்கே கூடி, விடியும் வரை வாத்தியமில்லாமல் 'பக்காஷோத்' என்ற வேண்டுதல் பாடல்களைப் பாடுகிறார்கள். வேதப் பெட்டி டமாஸ்கஸ் பாணி, வால்நட் மரத்தில் முத்துச்சிப்பி இழைத்தது. சுவரோவியங்கள் பெசலேல் கலைப்பள்ளி ஆசிரியர் யாகோவ் ஸ்டார்க் வரைந்தவை. சுவரோவியன் பார்த்தால் ஊருக்குத் திரும்ப மாட்டார்.

பாளை ஆர்கன்

எல்லோருக்கும் நன்றி. என் நிலையை மறுபடி சொல்லிவிடுகிறேன். சில மெட்டுகளைத் தொடவே கூடாது. பாவநிவிர்த்தி நாளின் மாலையில் பாடும் கோல் நித்ரே அப்படிப்பட்டது. ஊரின் பழைய மெட்டை மாற்றக்கூடாது என்று 1427இல் மறைந்த மஹரில் என்ற ரபி ஜெர்மனியில் விதித்தார். அஷ்கெனாசிகள், அதாவது ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள், அதைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்த மெட்டு கேட்டதும் வருடம் முழுவதும் ஆலயப் பக்கம் வராதவனும் வந்து நிற்கிறான். கடன் மெட்டால் அதைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

மேளகர்த்தா

கோல் நித்ரேயை யாரும் தொட வேண்டாம், ஐயா. அதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் அதே நாளின் முடிவுக்கு வாருங்கள். ஒரு பகலும் இரவும் பட்டினி கிடந்து, கடைசி ஜெபம் முடிந்து, எக்காளம் ஊதுவதற்கு முன்னால் ஹசிதிமில் ஒரு பிரிவாரான லுபாவிச்காரர்கள் எழுந்து நின்று ஒரு மெட்டைப் பாடுகிறார்கள். சொல்லே கிடையாது, மெட்டு மட்டும். நெப்போலியன் படையின் அணிவகுப்பு மெட்டு அது. அவர்களின் முதல் குரு ஷ்னெயூர் சல்மான் நெப்போலியனைக் கடுமையாக எதிர்த்தவர். அந்த மெட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார், வெற்றிக்கான மெட்டு என்று. பதிவு இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

பாளை ஆர்கன்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்கிறேன்.